கோடு மட்டும் காக்காது: குடியிருப்புத் தெருக்களில் மிதிவண்டிப் பாதுகாப்பு

மிதிவண்டிக்கு இடம் ஒதுக்குவது என்று முடிவானதும் பெரும்பாலான நகர நிர்வாகங்கள் முதலில் செய்வது தெருவோரத்தில் கோடு போடுவதுதான். சென்னையின் அண்ணா சாலை போன்ற பெருஞ்சாலைகளில் திண்டு வைத்துப் பிரித்த தனித்தடம் கட்டாயம் வேண்டும். அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. குடியிருப்புத் தெருவின் நிலை வேறு. அங்கே சைக்கிள் ஓட்டுபவரின் உயிரைத் தீர்மானிப்பவை மோட்டார் வண்டிகளின் வேகமும் எண்ணிக்கையும்தான். இவ்விரண்டையும் குறைக்காமல் வரையும் தடம் பயன் தராது, சில தெருக்களில் ஆபத்தைக் கூட்டவும் செய்யும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஏழு மீட்டர் அகலமுள்ள தெரு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இருபுறமும் கார்கள் நிற்கின்றன. ஒரு காரின் அகலம் ஏறக்குறைய 1.8 மீட்டர் என்றால் நடுவில் மிஞ்சுவது 3.4 மீட்டர். நிற்கும் காரை ஒட்டி 1.5 மீட்டரில் தடம் வரைகிறோம். கார்க் கதவு முழுதாகத் திறந்தால் அதில் சுமார் 0.9 மீட்டரைக் கதவே அடைத்துக்கொள்ளும். எஞ்சும் 0.6 மீட்டர் சைக்கிளின் கைப்பிடி அகலத்துக்கே சரியாகிவிடும். அதாவது, கோட்டை மதித்து ஓரமாக வரும் பள்ளி மாணவி, கதவு இடிக்கும் தொலைவிலேயே வழிநெடுக ஓட்டி வருகிறாள். தெருவின் நடுப்பகுதிக்கு வந்தால் அவளுக்குப் பாதுகாப்பு. ஆனால் பின்னால் வருபவர் ஹாரன் அடித்து, "உனக்குத்தான் தனியா கோடு போட்டிருக்கே, அதுல போ" என்பார். அவளுக்கு அதுவரை இருந்த உரிமையையும் அந்தக் கோடு பறித்துவிடுகிறது.

வேகத்தின் கணக்கு இன்னும் கடுமையானது. ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகும் என்று கொள்வோம். 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் அந்த நொடியில் 8 மீட்டர் கடந்து, நல்ல சாலையில் மேலும் 5 மீட்டரில் நின்றுவிடும். 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் அந்த ஒரு நொடியிலேயே 14 மீட்டர் கடந்திருக்கும். முதல் கார் நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது கார் வேகம் குறையத் தொடங்கியிருக்கவே இல்லை. 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடு, மக்களும் வண்டிகளும் கலந்து செல்லும் இடங்களில் 30 கி.மீ. உச்சவேகத்தை வலியுறுத்தியது இதனால்தான்.

தடம் மட்டும் போதாது என்பதை நெதர்லாந்து அனுபவத்தில் கற்றது. 1971இல் அங்கே சாலை விபத்துகளில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் 400க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினர். 1970களில் ஹேக், டில்பர்க் நகரங்களில் அரசு செலவில் தலா ஒரு முன்மாதிரித் தடம் அமைத்தார்கள். பக்கத்துத் தெருக்களில் ஏற்கெனவே ஓட்டியவர்கள் அதற்கு மாறினார்களே தவிர, புதிதாக ஓட்ட வந்தவர்கள் அதிகமில்லை. பிறகு டெல்ஃப்ட் நகரம் வேறு வழியில் போனது. ஒற்றைத் தடத்துக்குப் பதிலாக நகரம், வட்டாரம், தெரு என மூன்று அடுக்கில் ஒரு வலையை 1980களில் பின்னியது. கடைசி அடுக்கில் தெருவே தடம். கார் நுழையலாம், ஆனால் குறுக்குவழியாகக் கடந்துபோக முடியாது. இன்று டச்சு நகரங்களில் காணும் செந்நிற மிதிவண்டித் தெருக்களும் இதே சிந்தனையில் வந்தவை. அங்கே கார் விருந்தாளி.

இதைச் சென்னையில் அப்படியே பெயர்த்து நடமுடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குறுக்குவழியை அடைக்கக் கம்பங்கள் நட்டால் அவை காரை மறிக்கும், ஆனால் பைக் அவற்றுக்கிடையே எளிதாக நுழைந்துவிடும். எனவே தெருவை மறிப்பதோடு வேகத்தடையும் தேவை. அதிலும் நாம் தவறான வடிவத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறோம். தெருக்களில் காணும் குறுகிய, செங்குத்தான தார்மேடு சைக்கிளைத்தான் அதிகம் தூக்கிப்போடுகிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் பரிந்துரை 3.7 மீட்டர் நீளமும் 10 செ.மீ. உயரமும் உள்ள வளைமேடு. 25 கி.மீ. வேகத்தில் கடக்க வடிவமைக்கப்பட்டது அது. சைக்கிளின் இயல்பான வேகம் அதைவிடக் குறைவு. ஆகவே சைக்கிள் அலுங்காமல் ஏறி இறங்கும், பைக் வேகம் குறைத்தே தீரவேண்டும்.

சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்ற மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கை, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்போருக்கும் மிதிவண்டியோருக்கும் ஒதுக்கச் சொல்கிறது. மேல்நிலை மாணவர்களுக்குத் தமிழக அரசு மிதிவண்டியை விலையில்லாமல் கொடுக்கிறது. கொள்கையும் உண்டு, வண்டியும் உண்டு. இனிக் கோடு போட ஒப்பந்தப்புள்ளி கோருமுன், அந்தத் தெருவில் குடியிருப்போரின் வண்டிகள் எத்தனை, குறுக்குவழி தேடி வருபவை எத்தனை என்று மாநகராட்சி எண்ணிப் பார்க்க வேண்டும். குறுக்குவழிகளை மூடும் வேலையை அரசுப் பள்ளிகளைச் சுற்றியுள்ள தெருக்களில் முதலில் தொடங்க வேண்டும்.