அரக்கியின் உருவமும் அவள் கதையும்: அசைவூட்டப் படங்களில் எதிர்நிலைப் பாத்திரங்களின் பாலின வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

அனிமேஷன் எனப்படும் அசைவூட்டப் படங்கள் பெண் எதிர்நிலைப் பாத்திரத்தின் தீமையை அவள் உடலிலும், ஆணின் தீமையைப் பெரும்பாலும் அவனது அதிகார வேட்கையிலும் காட்டிவந்தன. அண்மைக்காலப் படங்கள் பெண்ணின் தீமைக்குப் பின்கதை வழங்குவதைப் புதுமை என்பர். திருவரங்கத்தோடு தொடர்புடைய கம்பராமாயணத்தை முன்வைத்து அக்கருத்தை இக்கட்டுரை மறுஆய்வு செய்கிறது.

திறவுச்சொற்கள்: கம்பராமாயணம், திருவரங்கம், அசைவூட்டப் படம், தாடகை, சூர்ப்பணகை, பாலினம்

முன்னுரை

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவரங்கம் பெரிய கோயிலில், தாயார் சன்னிதிக்கு அருகே உள்ள மண்டபத்தில் கம்பர் தம் காப்பியத்தை அரங்கேற்றினார் என்பது மரபு. இரணியன் வதைப் படலத்தைக் கேட்டு மேட்டழகிய சிங்கர் தலையசைத்து ஏற்றார் என்றும் அம்மரபு கூறும். இவ்வாறு கோயில் நினைவில் நிலைபெற்றது ஓர் ஆண் எதிர்நிலைப் பாத்திரத்தின் கதை. அதே காப்பியத்தில் தாடகைக்கும் ஒரு கதை உண்டு; அது அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை.

கம்பரின் அரக்கியர்

தாடகை பிறப்பால் அரக்கி அல்லள். சுகேதுவின் மகள், இயக்கர் குலத்தவள். கணவன் சுந்தன் அகத்தியரின் சினத்தால் மாண்டபின், மக்களோடு சீறி எழுந்தவள் அம்முனிவரின் சாபத்தால் அரக்கியானாள். இவ்வரலாற்றைச் சொல்பவன் அவளைக் கொல்லத் தூண்டும் விசுவாமித்திரனே. பெண் என்பதால் இராமன் அம்பு தொடுக்கத் தயங்குவதும் தாடகை வதைப் படலத்தில் இடம்பெறுகிறது. சூர்ப்பணகையோ அழகிய வடிவெடுத்து வருகிறாள். உறுப்பறுபட்டபின் தன் துயரைத் தானே புலம்புகிறாள். இருவரும் தண்டனைக்கு உள்ளாகின்றனர். ஆயினும் ஒருத்திக்கு முற்கதையும் மற்றொருத்திக்குக் குரலும் கிடைத்துள்ளன.

உடலில் எழுதப்பட்ட தீமை

டிஸ்னி நிறுவனத்தின் ‘ஸ்னோ ஒயிட்’ (1937) படத்தில் அழகின் பொருட்டுப் பொறாமை கொண்ட அரசி கிழவியாக மாறுகிறாள். ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ (1959) படத்தின் மெலிஃபிசென்ட் பறவைநாகமாகிறாள். ‘லிட்டில் மெர்மெய்ட்’ (1989) படத்தின் அர்சுலா, சூர்ப்பணகையைப் போலவே, இளவரசனைக் கவர அழகிய பெண்ணுருக் கொள்கிறாள். முதுமையும் பருமனும் வேட்கையும் இங்கே குற்றத்தின் அடையாளங்களாகின்றன. அர்சுலாவின் தோற்றத்திற்கு, பெண்வேடத்தில் புகழ்பெற்ற டிவைன் என்னும் ஆண் கலைஞர் முன்மாதிரியாக இருந்தார் என்பதும் நோக்கத்தக்கது.

ஆண் பாத்திரங்களும் உருமாறுவதுண்டு. ‘அலாதின்’ (1992) படத்தின் ஜாஃபர் பாம்பாகிறான். ஆனால் ஜாஃபரும் ‘லயன் கிங்’ (1994) படத்தின் ஸ்காரும் விரும்புவது அரியணை. அதேவேளை அவர்களுடைய மெலிந்த உடலும் ஒயிலான அசைவும் பெண்மைச் சாயலோடு வரையப்பட்டுள்ளன. ஆணைத் தீயவனாகக் காட்டவும் பெண்மையே கருவியாயிற்று என இதனைக் கொள்ளலாம்.

இராமாயணம் அசைவூட்டப் படமானபோது

யூகோ சாகோ, ராம் மோகன், கோயிச்சி சசாகி ஆகியோர் இயக்கிய இந்திய–சப்பானியக் கூட்டுப் படைப்பு 1993ஆம் ஆண்டு உருவாயிற்று. 2025 சனவரியில் தமிழ்க் குரலிலும் திரையரங்குகளுக்கு வந்தது. இதில் தாடகை பேருருவ அரக்கியாகத் தோன்றி மடிகிறாள். இராவணனுக்கோ அரசவை, தம்பி, மகன் என ஓர் உலகமே துணைநிற்கிறது. இதனை இயக்குநர்களின் குறையாக மட்டும் கருதுதல் பொருந்தாது. பாட்டு ஒருத்தியை இயக்கர் மகளாகவும் அரக்கியாகவும் ஒருசேர நினைக்கவைக்கும். வரையப்படும் படமோ அவள் வாய்திறக்குமுன்பே அவளது நிறத்தையும் பல்லையும் முடிவுசெய்துவிடுகிறது.

காரணம் மீளல்

‘ஃப்ரோசன்’ (2013) படத்தில் முதலில் எதிர்நிலைப் பாத்திரமாகத் திட்டமிடப்பட்ட எல்சா நாயகியருள் ஒருத்தியானாள். தீமை ஹான்ஸ் என்னும் அழகிய இளவரசனிடம் சென்றது. ‘மோவானா’ (2016) படத்தில் தீக்குழம்பு அரக்கியான தெ கா, இதயம் களவாடப்பட்ட தெய்வமே என்பது இறுதியில் வெளிப்படுகிறது. இழப்பு ஒருத்தியை அரக்கியாக்கியது என்னும் இக்கருத்து தாடகையின் முற்கதைக்கு நெருக்கமானது. வேறுபாடும் உண்டு: தெ கா தன் பழைய உருவை மீளப் பெறுகிறாள், தாடகைக்குக் கிடைப்பது இராமனின் அம்பு.

முடிவுரை

ஆகவே, பெண் எதிர்நிலைப் பாத்திரத்தின் வரலாறு இருளிலிருந்து ஒளிக்குச் செல்லும் நேர்கோடு அன்று. காப்பியத்தில் இருந்த காரணம் படச்சட்டத்தில் மறைந்து, மீண்டும் தோன்றியுள்ளது. காரணம் கூறுவதனால் மட்டும் தண்டனை நீங்கிவிடாது என்பதைக் கம்பரின் தாடகை உணர்த்துகிறாள். எனவே இத்துறை ஆய்வுகள் அவள் எவ்வாறு வரையப்பட்டாள் என்பதோடு நின்றுவிடாமல், அவள் கதையை யார் சொன்னார், அது அவள் முடிவை மாற்றியதா எனவும் வினவ வேண்டும். இன்றைய குழந்தைகள் பலர் தாடகையைப் பாட்டில் கேட்குமுன் திரையில் காண்கின்றனர். அவர்களுக்கு அவள் சுகேதுவின் மகள் என்பதையும் சொல்வது இலக்கியக் கல்வியின் கடமையாகும்.