பழகாத தண்ணீர்

திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் கண்ணாடி பீரோவுக்குள் ஒரு வெள்ளைப் பவளப்பூவை நீங்கள் பார்த்திருக்கலாம். எப்போதோ திருச்செந்தூருக்குப் போன ஆச்சியோ தாத்தாவோ கடற்கரைக் கடையில் பேரம் பேசி வாங்கி வந்தது. உண்மையில் அது பூ அல்ல. எண்ணற்ற சிறு பிராணிகள் சேர்ந்து கட்டிய மாளிகை. வெள்ளை வெளேரென்று இருந்தால், குடியிருந்தவர்கள் எல்லாரும் இறந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

வெறும் மாளிகையை பீரோவில் வைப்பது சுலபம். குடித்தனத்தோடு வைப்பதுதான் கஷ்டம். பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் புதுக் கண்ணாடித் தொட்டி வாங்கி, உப்புநீர் நிரப்பி, அன்றைக்கே பவளத்தையும் இறக்கினார். ஒரு வாரத்தில் எல்லாம் போயிற்று.

"தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்ததே, அண்ணாச்சி!" என்று வருத்தப்பட்டார்.

"அதுதான் தம்பி, குற்றமே!" என்றேன்.

இந்த வித்தைக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1846-ல் அன்னா தின் என்ற ஆங்கிலச் சீமாட்டி, டார்க்கீ கடற்கரையில் கண்ட பவளப் பிராணிகளை ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டு வந்தாள். ஊசியும் நூலும் கொண்டு அவற்றைக் கடற்பஞ்சில் தைத்து, கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்தாள். வீட்டு வேலைக்காரி தினமும் திறந்த ஜன்னலருகே நின்று, அரைமணி, முக்கால்மணி நேரம் அந்த ஜலத்தை ஆற்றிக் கொண்டிருந்தாளாம். நம் ஊரில் காப்பி ஆற்றுவதில்லையா? அதே மாதிரிதான். ஜலத்தில் காற்றுக் கலக்க வேண்டும் என்பது நோக்கம். மறுவருஷம் கடற்பாசிகளையும் சேர்த்தாள். சுமார் மூன்று வருஷம் அவை பிழைத்தன. சரித்திரத்தில் சீமாட்டியின் பெயர் நின்றது. கைவலிக்க ஆற்றியவளின் பெயரை யார் எழுதி வைத்தார்கள்?

ஆனால் காற்று மட்டும் போதாது. பிராணிகளின் கழிவிலிருந்து அம்மோனியா என்ற விஷம் உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களில் ஒரு வகை அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷந்தான். இன்னொரு வகை அதை அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றும். 1890-ஐ ஒட்டி ருஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி இந்த நுண்ணுயிர்களைப் பிரித்துக் காட்டினார். புதுத் தொட்டியில் இவை குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரமாவது வேண்டும். புது மண்சட்டியை வடிகஞ்சி ஊற்றிப் பழக்காமல் எந்த ஆச்சியாவது குழம்பு வைப்பாளா? தண்ணீரும் அப்படித்தான். 1961-ல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் சொன்ன வழியும் இதை ஒட்டியதே: உயிர்கள் ஒட்டிய கடற்பாறை, காற்றுக் குமிழி, வெயில். பாறையோடு அந்த நுண்ணுயிர்களும் வந்துவிடுகின்றன. திட்டுக்களைக் கட்டும் பவளத்தின் உடம்புக்குள் நுண்பாசி குடியிருந்து அதற்கு உணவு தருகிறது. அந்தப் பாசிக்கு வெளிச்சம் வேண்டும்.

நமக்கோ இவ்வளவு பாடும் இல்லாமல், கடலே தொட்டி வைத்துத் தந்திருந்தது. பொதிகையில் பிறந்த தாமிரபரணி புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது. அது கொட்டிய வண்டலால்தான் கொற்கைத் துறைமுகம் உள்நாட்டுக் கிராமமாயிற்று. பவளத்துக்கு நன்னீரும் ஆகாது, சேறும் ஆகாது. ஆகவே ஆற்றுவாயை விட்டு விலகி, தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரையுள்ள தீவுகளை ஒட்டி அது செழித்தது.

நாம் என்ன செய்தோம்? கல்லை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாசலுக்கு அனுப்பினோம். அலையைத் தடுத்த அரண் போயிற்று. தூத்துக்குடிக்கு எதிரே இருந்த விலங்குசல்லித் தீவு கடலில் மூழ்கியே போயிற்று. 1986-ல் இருபத்தொரு தீவுகளும் கடல் தேசியப் பூங்காவாயின. 2001-ல் பவளத்துக்குப் புலிக்கு நிகரான சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. 2002 முதல் தூத்துக்குடியில் ஆராய்ச்சியாளர்கள் பவளத் துண்டுகளை சிமெண்டுப் பலகையில் கட்டிக் கடலடியில் நட்டு வருகிறார்கள். அன்னா தின்னின் ஊசிநூல் வேலைதான். தொட்டி மட்டும் பெரிது. அங்கும் கஷ்டம் தீரவில்லை. 1998, 2010, 2016 ஆகிய வருஷங்களில் கடல் சூடேறி, பவளங்கள் தம் பாசியை இழந்து வெளுத்தன. சூடேறிய கடலை ஜன்னலருகே நின்று ஆற்ற எந்த வேலைக்காரியால் முடியும்?

தம்பியின் தொட்டியில் இப்போது தண்ணீரும் கல்லும் மட்டுமே இருக்கின்றன. ஆறு வாரம் காத்திருக்கிறேன் என்கிறார். நல்லதுதான். தொட்டி கெட்டால் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பலாம். கடலைக் கொட்டிவிட்டு நிரப்ப எந்த ஆற்றுக்குப் போவது?