முப்பதும் முந்நூறும்: வேகப்பந்து வீச்சாளரின் சுமைக் கணக்கு குறித்து ஒரு மறுவாசிப்பு

1973இல் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லியின் முதுகெலும்பில் கண்ட முறிவு, பெர்த்தில் உடற்கல்வி அறிஞர் பிராங்க் பைக் துணையோடு அவர் மீண்ட விதம், 1987இல் சென்னையில் தொடங்கிய எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சியகம் ஆகியவை பலரும் அறிந்த செய்திகள். இக்கட்டுரை கவனிப்பது பிந்திய திருப்பத்தை: உடலைத் தயார்செய்வது, பந்துகளை எண்ணும் கணக்காக மாறியதை.

அந்தத் திருப்பத்தின் மையத்தில் நிற்பது ஹூலின், கபெட் முதலியோரின் 2014ஆம் ஆண்டு ஆய்வு. 28 வீச்சாளர்களை ஆறு ஆண்டுகளில் 43 தனிநபர் பருவங்களாகப் பின்தொடர்ந்து, ஒரு வாரத்தில் வீசிய பந்துகளை நான்கு வாரச் சராசரியோடு ஒப்பிட்டார்கள். அந்த வாரக் கணக்கு சராசரியின் இருமடங்கைத் தாண்டியவர்களுக்கு, சராசரிக்குக் குறைவாக வீசியவர்களைவிட, அடுத்த வாரம் காயம் ஏற்படும் வாய்ப்பு 3.3 மடங்கு. நீண்டநாள் பழகிய உடல் சுமையைத் தாங்கும் என்ற அவர்களின் முடிவை ஏற்கிறேன். வாரக் கணக்குக்கும் சராசரிக்கும் உள்ள விகிதத்தைப் பொது அளவுகோலாக்கியதைத்தான் ஏற்க இயலவில்லை.

காரணம் எளிய கணக்கு. வட இலங்கையின் மல்லாவியில் ஒரு மாணவன் மூன்று வாரம் கடினப்பந்தைத் தொடாமல், நான்காம் வாரம் 30 பந்து வீசுகிறான். சராசரி ஏழரை, விகிதம் 4. இன்னொருவன் அவனைப் போலவே மூன்று வாரம் தொடாமல், அதே வாரத்தில் 300 வீசுகிறான். சராசரி 75, விகிதம் அப்போதும் 4. இந்த வாரமே சராசரிக்குள்ளும் புகுந்துவிடுவதால் முப்பதும் முந்நூறும் ஒன்றாகின்றன. லோல்லி முதலியோர் இந்தப் பிணைப்பைப் புள்ளியியல் வழியே சுட்டினார்கள். நான் வயல்வெளியிலிருந்து பார்க்கிறேன்.

அந்த மூன்று வாரமும் உண்மையில் பூச்சியமா? அறுவடை முடிந்த வயலில் மாலைதோறும் அவன் மென்பந்து வீசியிருப்பான். டென்னிஸ் பந்து ஏறத்தாழ 58 கிராம், தோல்பந்து 155.9 முதல் 163 கிராம். ஆனால் முன்கால் தரையில் அறையும் விசை பந்தின் எடையால் வருவதல்ல. ஓட்டத்தாலும் உடலெடையாலும் வருவது. ஆகவே முதுகு உழைத்திருக்கிறது, தோள் மட்டும் பழகாமல் இருக்கிறது. ஏட்டிலுள்ள பூச்சியம் முதுகுக்குப் பொய், தோளுக்கு மெய். சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் வளர்ந்த இந்திய வேகப்பந்து வீச்சாளர் நடராஜனைப் போன்றோருக்கு எந்தப் பந்திலிருந்து கணக்கைத் தொடங்குவது? இதை நிறுவ மென்பந்தையும் எண்ணிய ஏடு வேண்டும். அதுவரை இது வலுவான ஊகமே.

இன்னொரு சிக்கல், காயத்தின் நாள். 1989இல் ஃபாஸ்டர் முதலியோர் ஆராய்ந்த 82 இளம் வீச்சாளர்களில் 11 சதவீதத்தினருக்கு முதுகெலும்பில் முறிவு கண்டது. தோள் முறுக்கும் வீச்சுமுறையை அவர்கள் குற்றம் சாட்டினார்கள். 2009இல் ஆர்ச்சர்ட் முதலியோர், ஒரே ஆட்டத்தில் 50 பந்துப்பரிமாற்றங்களுக்கு மேல் வீசியவர்களுக்கு அடுத்த 21 நாட்களில் காய ஆபத்து கூடுவதைக் கண்டார்கள். அப்படியெனில் 'அடுத்த வாரம்' எதன் நாள்? தசை கிழிந்தால் அன்றே தெரியும். எலும்பு மெல்ல விரிசல் விட்டு, வலிக்கும் நாளில்தான் பதிவேட்டில் ஏறுகிறது. முறிவு தொடங்கிய நாளை அந்தப் பதிவு சொல்லாது.

எனவே ஹூலின் குழுவின் விகிதத்தை முழுவதும் தள்ளவில்லை. பாடசாலைப் பயிற்றுநரின் கொப்பியில் மென்பந்துக்கு ஒரு நிரல், கடினப்பந்துக்கு ஒரு நிரல், விகிதத்துக்குப் பக்கத்தில் வீசிய பந்துகளின் முழு எண்ணிக்கை. இவ்வளவு இருந்தால், மல்லாவி மாணவனுக்கு அந்த 4 என்ன சொல்கிறது என்று கேட்கத் தொடங்கலாம்.