வழக்கறிஞர் கையாடலும் கட்சிக்காரருக்கான இழப்பீடும்

வழக்கறிஞர் கையாடிய பணத்தைக் கட்சிக்காரருக்கு ஈடுசெய்யத் தனி நிதியம் வைத்திருக்கும் நாடுகள் சில உண்டு. அவற்றுள் முதலாவது 1929-இல் நியூசிலாந்தில் ஏற்பட்டது. இங்கிலாந்தில் 1941-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வழிசெய்தது. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலம் 1959-இல் தொடங்கியது. இந்நிதியங்களுக்கு வழக்கறிஞர்களே பணம் செலுத்துகின்றனர். ஒருவர் செய்த தவறுக்கு அத்தொழில் முழுவதும் பொறுப்பேற்கிறது என்பதே இதன் அடிப்படை.

இந்திய நிலை

இந்தியாவின் வழக்கறிஞர்கள் சட்டம், 1961 வேறு வழியில் சென்றது. நலிந்த வழக்கறிஞர்களுக்கு உதவி, சட்ட உதவி, நூலகம் ஆகியவற்றுக்குப் பார் கவுன்சில்கள் நிதி அமைக்கலாம் என்கிறது பிரிவு 6. கட்சிக்காரரின் இழப்பு அப்பட்டியலில் இல்லை. பிரிவு 35-இன்படி தவறிழைத்தவரைக் கண்டிக்கலாம், தொழிலிலிருந்து இடைநிறுத்தலாம், பதிவேட்டிலிருந்து நீக்கலாம். இழந்த பணத்தை மீட்டுத் தருவது அத்தண்டனைகளுள் ஒன்றன்று.

ஹரீஷ் சந்திர திவாரி எதிர் பைஜு வழக்கு இதற்குச் சான்று. உத்தரப் பிரதேசத்தில் நிலமெடுப்பு இழப்பீடாக நீதிமன்றத்தில் செலுத்தப்பட்ட 8,118 ரூபாயை வழக்கறிஞர் 1987-இல் எடுத்துக்கொண்டு, எழுத்தறிவற்ற ஏழை முதியவரான கட்சிக்காரருக்குத் தரவில்லை. இந்திய பார் கவுன்சில் மூன்று ஆண்டு இடைநிறுத்தம் விதித்தது. அது போதாது என்று கருதிய உச்ச நீதிமன்றம் 2002-இல் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்கியது.

நுகர்வோர் நீதிமன்றம்

கட்சிக்காரருக்காகப் பெற்ற பணத்தை வழக்கறிஞர் ஒப்படைக்கவில்லை என்ற புகாரில், வழக்கறிஞர் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என்று 2007-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் கூறியது. 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. இதனால் இழப்பீடு பெற எளிய வழி ஒன்று அடைபட்டது. பணத்தை மீட்க உரிமையியல் வழக்கும், நம்பிக்கை மோசடிக்குக் காவல் துறைப் புகாரும் எஞ்சியுள்ளன.

முன்னெச்சரிக்கை

பொழிச்சலூர் போன்ற புறநகர்களில் ஒரு குடும்பத்தின் கைக்கு வரும் மிகப் பெரிய தொகை விபத்து இழப்பீடாகவோ நிலமெடுப்புத் தொகையாகவோ இருக்கக்கூடும். 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், வாகன விபத்து இழப்பீட்டை உரியவரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தும் முறையைப் பின்பற்றுமாறு அறிவுறுத்தியது. இடைக்கை இல்லாவிட்டால் கையாடலுக்கும் இடமில்லை.

பார் கவுன்சில் விதிகளின்படி, கட்சிக்காரருக்காகப் பணம் பெற்றதும் வழக்கறிஞர் அதை அவருக்குத் தெரிவிக்க வேண்டும். கேட்டால் கணக்கின் நகலையும் தர வேண்டும். தவறினால், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் அளிக்கலாம். இழந்த பின் மீட்கும் நிதியம் இல்லாத நாட்டில், கணக்குக் கேட்பதே கட்சிக்காரருக்குள்ள முதல் காப்பு.