மதுரை மகாலும் அதைச் சுற்றிய தெருக்களும்: ஒரு நாள் நடை

மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குத் தென்கிழக்கே நடந்து போகும் தொலைவில் திருமலை நாயக்கர் மகால் அமைந்துள்ளது. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், திருச்சிராப்பள்ளியில் இருந்த தலைநகரை மதுரைக்கு மாற்றிக்கொண்ட பின் கட்டிய அரண்மனை இது. கட்டிய ஆண்டு 1636 என்று பொதுவாகக் குறிப்பிடுவர். இன்று நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு நாம் பார்ப்பது முழு அரண்மனையன்று. முன்பு இருந்ததில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் எஞ்சியிருக்கிறது என்பர். மற்ற முக்கால் பங்கின் அடையாளங்களைத் தேட மகாலுக்கு வெளியே, தெருக்களுக்குள்தான் போக வேண்டும்.

ஈரோடு, கொடுமுடி பக்கத்திலிருந்து கரூர், திண்டுக்கல் வழியாக ரயிலில் மதுரை செல்லலாம். எங்கள் பகுதிப் பள்ளிகளின் சுற்றுலாப் பட்டியலில் மகால் எப்போதும் உண்டு. ஆனால் அதற்கு ஒதுக்கப்படும் நேரம் அரைமணி. பிள்ளைகள் தூண்களைக் கட்டிப்பிடித்து, கை எட்டுகிறதா என்று பார்ப்பார்கள். "கண்ணாளனே" பாட்டு எடுத்த இடம் இதுதான் என்று யாராவது சொல்வார்கள். அதற்குள் பேருந்து அழகர்கோயிலுக்குக் கிளம்பிவிடும். இக்கட்டுரை ஒரு முழு நாளை அந்தப் பகுதிக்கே கொடுக்க விரும்புவோருக்காக எழுதப்பட்டது.

கொங்கு நாட்டுத் தொடர்பு

மகாலைப் பார்க்கும் கொங்குப் பகுதி மக்கள் அதை வேற்று நாட்டு அரசரின் வீடாகக் கருத வேண்டியதில்லை. மதுரை நாயக்கர் காலத்தில் நாடு 72 பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது. கொங்குப் பாளையங்கள் பலவும் அவற்றுள் அடங்கும். மதுரைக் கோட்டைக்கு 72 கொத்தளங்கள் இருந்தன, ஒவ்வொன்றின் காவலும் ஒரு பாளையக்காரரின் பொறுப்பு என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்தக் கோட்டை மதிலில் நம் பக்கத்து ஆட்களும் காவல் நின்றிருக்கிறார்கள்.

திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில், 1656ஆம் ஆண்டளவில், மைசூர் அரசர் கண்டீரவ நரசராஜாவின் படை சத்தியமங்கலத்தைத் தாக்கி, அங்கிருந்து மதுரை வரை முன்னேறியது. வழியில் அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்ததால் இது "மூக்கறுப்புப் போர்" எனப் பெயர் பெற்றது. நாயக்கர் அப்போது நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். இராமநாதபுரம் இரகுநாத சேதுபதி படையுடன் வந்து மதுரையைக் காத்தார். பின்னர் மதுரைப் படை மைசூர் எல்லைக்குள் புகுந்து அதே முறையில் பழிதீர்த்தது. மகாலின் அழகைப் பேசும் வழிகாட்டிகள் இதைச் சொல்வதில்லை. அரசர்கள் மாளிகையில் இருந்து நடத்திய போரின் பாதையில் மூக்கிழந்தவர்கள் ஊர்ப்புறத்துக் குடியானவர்கள்.

விளக்குத்தூணில் தொடங்குவது நல்லது

நடையைக் காலையில் விளக்குத்தூணில் தொடங்கலாம். கீழமாசி வீதியும் தெற்கு மாசி வீதியும் கூடும் மூலை இது. இங்கு நிற்கும் விளக்குத்தூண், மதுரை ஆட்சியராக இருந்த பிளாக்பர்னுக்கு நகர மக்கள் நன்றியாக எழுப்பியது. 1840களில் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தவர் அவர். அரசுச் செலவில் எல்லாவற்றையும் இடிக்க முடியாது என்பதால், மதிலை இடித்து அகழியை நிரப்புவோருக்கு அந்த இடத்திலேயே மனை என்று ஏற்பாடு செய்தார். அவ்வாறு உருவானவையே இன்றைய வெளி வீதிகள். நிலத்தை அளந்த மாரட்டின் பெயரும், வேலையாட்களை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரியின் பெயரும் தெருப்பெயர்களாக நிலைத்துவிட்டன. கோட்டை போயிற்று, ஆனால் நகரம் மூச்சுவிட இடம் கிடைத்தது. அன்றைய மதுரை மக்கள் அதை இழப்பாகக் கருதியிருந்தால் விளக்குத்தூண் எழுப்பியிருக்க மாட்டார்கள்.

விளக்குத்தூணிலிருந்து சில அடிகளில் பத்துத்தூண் சந்து உள்ளது. இரு பக்கமும் துணிக்கடைகள். பண்டிகைக் காலத்தில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. தலையை உயர்த்தினால்தான் கடைகளுக்கு இடையே நிற்கும் மாபெரும் கல்தூண்கள் கண்ணில் படும். எண்ணிக்கை பத்து. இவை அரண்மனையின் ஒரு பகுதியாகிய ரங்கவிலாசத்தைச் சேர்ந்தவை என்பர். யானை கட்டப் பயன்பட்டவை என்ற பேச்சும் உண்டு. தாங்குவதற்குக் கூரை இல்லாமல் வெறுமனே நிற்கும் இத்தூண்களையும், இங்கிருந்து மகாலுக்கு உள்ள தொலைவையும் சேர்த்துப் பார்த்தால்தான் பழைய அரண்மனையின் பரப்பு மனத்தில் ஏறும். மகாலுக்குள் எவ்வளவு நேரம் நின்றாலும் அந்த உணர்வு வராது. மாணவர்களை முதலில் இங்கே அழைத்து வர வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்துள்ள நவபத்கானா தெருவும் அத்தகையதே. நவபத்கானா என்பது அரண்மனையில் வேளைதோறும் முரசும் மேளமும் முழங்கும் மண்டபம். பாரசீக மொழியிலிருந்து வந்த சொல். மண்டபம் மறைந்துவிட்டது. பெயர் கடைப் பலகைகளிலும் முகவரிகளிலும் வாழ்கிறது.

மகாலுக்குள்

அரண்மனையின் இரு முதன்மைப் பகுதிகள் சொர்க்கவிலாசமும் ரங்கவிலாசமும் ஆகும். முன்னதில் அரசரும் பின்னதில் அவர் தம்பியும் வாழ்ந்தனர். இப்போது எஞ்சியுள்ளது சொர்க்கவிலாசமும் அதையடுத்த நாடகசாலையும். திறந்த முற்றத்தைச் சுற்றி ஓங்கிய தூண் வரிசைகள், அவற்றை இணைக்கும் வளைவுகள், அரியணை மண்டபத்தின் மேல் தூணின் துணையின்றி நிற்பது போல் தோன்றும் பெரிய குவிமாடம். குவிமாடத்தின் உயரம் சுமார் 70 அடி. மரமோ இரும்போ வைக்காமல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பியது. மேற்பூச்சின் வழவழப்புக்குச் சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவைக் கலந்தார்கள் என்பர். கட்டியவர் ஓர் இத்தாலியர் என்று சில கையேடுகள் எழுதுகின்றன. அதற்கு வலுவான சான்று காட்டியவர் இல்லை. யாளியும் கொடிவேலையும் சுதைச் சிற்பமும் நம் கொத்தர்களின் கைவண்ணம் என்பதைப் பார்த்தாலே தெரியும்.

அரண்மனைக்கு வேண்டிய செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளமே பின்னர் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஆயிற்று என்றும், தோண்டும்போது கிடைத்த பிள்ளையாரே மீனாட்சியம்மன் கோயிலின் முக்குறுணிப் பிள்ளையார் என்றும் மதுரையில் சொல்வார்கள். நேரம் இருந்தால் மாலையில் தெப்பக்குளத்தையும் பார்க்கலாம், நடக்கக்கூடிய தூரம் இல்லை, ஆட்டோ தேவை.

மீதி அரண்மனையை அழித்தவர்கள் அன்னியர் என்று பலர் நினைக்கிறார்கள். முதலில் கைவைத்தவர் திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர்தான். அவர் தலைநகரை மீண்டும் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது, மதுரை அரண்மனையின் பகுதிகளைப் பிரித்து, அங்கே கட்டுவதற்கு எடுத்துச் சென்றார். தாத்தா கட்டியதைப் பேரன் பிரித்ததற்குக் கோபப்படுவதில் பொருளில்லை. அக்காலத்தில் கல்லும் மரமும் விலையுயர்ந்த சரக்கு, அரசர் இல்லாத அரண்மனை வெறும் குவியல். அதன் பிறகு கவனிப்பாரற்றுக் கிடந்த கட்டடத்தை, 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் காலத்தில் பழுதுபார்த்தார்கள். அப்பணியில் கட்டடக் கலைஞர் சிசமின் பங்கு இருந்தது. பிறகு அது மாவட்ட நீதிமன்றம் ஆயிற்று. 1970 வரை அரியணை மண்டபத்தின் பக்கத்தில் வழக்குகள் நடந்தன. வக்கீல்களும் வாய்தாவுக்கு வந்த குடியானவர்களும் நடமாடியதால்தான் கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்ளப்பட்டது என்று சொல்லலாம். பயன்பாட்டில் இருந்த பகுதி பிழைத்தது.

சியோல் நகரத்து ஒப்புமை

தென்கொரியத் தலைநகர் சியோலில் அரண்மனை, பழைய குடியிருப்பு, உணவுச் சந்தை ஆகிய மூன்றையும் ஒரே நாளில் காட்டும் சுற்றுலாக்கள் பெயர்பெற்றவை. அங்குள்ள கியோங்போக்குங் அரண்மனை 1395இல் கட்டப்பட்டது. 1592இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது எரிந்தது. ஏறத்தாழ 270 ஆண்டுகள் பாழாய்க் கிடந்து, 1860களில் மீண்டும் எழுப்பப்பட்டது. நம் மகாலைப் பழுதுபார்த்ததும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். ஜப்பானிய ஆட்சியில் மறுபடி பெரும்பகுதி இடிக்கப்பட்டு, அரண்மனை வளாகத்தின் முன்பகுதியில் 1926இல் காலனி அரசின் தலைமைச் செயலகம் எழுந்தது. கொரியர்கள் 1995இல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். இழந்த கட்டடங்களைப் பழைய இடத்திலேயே ஒவ்வொன்றாகத் திருப்பிக் கட்டி வருகிறார்கள்.

மதுரையிலும் அப்படிச் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பழைய அரண்மனை நிலத்தில் இன்று ஆயிரக்கணக்கானோர் வாழ்கிறார்கள், தொழில் செய்கிறார்கள். அவர்களை அகற்றி ரங்கவிலாசத்தைக் கட்டினால் அது புதுக் கட்டடமாகத்தான் இருக்கும். பத்துத்தூணைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு, அது என்ன என்று தெளிவாக எழுதி வைத்தால் போதும்.

சியோலில் அரண்மனைகளுக்கு நடுவே உள்ள புக்சோன் என்னும் பழைய ஓட்டுவீட்டுப் பகுதியில் வேறொரு சிக்கல். சுற்றுலாப் பயணிகளின் தொல்லை தாங்காமல், மாலை 5 மணி முதல் காலை 10 மணி வரை அங்குள்ள சில தெருக்களில் அவர்கள் நுழைய 2024 முதல் தடை விதிக்கப்பட்டுள்ளது. மகாலைச் சுற்றி நடப்பவர்களும் இதை நினைவில் கொள்ள வேண்டும். திண்ணையில் அமர்ந்திருப்பவரைக் கேட்காமல் படம் எடுப்பது முறையன்று.

மகால் தெருக்களும் சௌராட்டிரரும்

மகாலைச் சுற்றிய தெருக்களில் பெருமளவில் வாழ்பவர்கள் சௌராட்டிர மக்கள். பட்டுநூல்காரர் என்று பழைய ஆவணங்கள் குறிப்பிடுவது இவர்களையே. குஜராத்தின் சௌராட்டிரப் பகுதியிலிருந்து புறப்பட்டு, தேவகிரி, விஜயநகரம் எனப் பல தலைமுறை இடம்பெயர்ந்து மதுரை வந்தவர்கள். அரண்மனைக்குப் பட்டு நெய்யத் திருமலை நாயக்கர் ஆதரவளித்ததால் அரண்மனையை ஒட்டியே குடியமர்ந்தனர் என்பது அவர்களிடையே வழங்கும் வரலாறு. ராணி மங்கம்மாள் 1705இல் இவர்களது சமயச் சடங்கு உரிமையை ஏற்று ஆணை வழங்கினார். அரசர் போனார், பட்டுக்குக் கேட்டவர் போனார், நெசவாளர் அங்கேயே இருந்தனர். வீட்டில் சௌராட்டிர மொழி, தெருவில் தமிழ். துணியைச் சிறு சிறு முடிச்சாகக் கட்டிச் சாயம் தோய்க்கும் சுங்குடிச் சேலை இவர்கள் கைத்தொழில். 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அச்சிட்ட புள்ளிச் சேலையும் சுங்குடி என்றே விற்கப்படுவதால், வாங்குவோர் புள்ளியைத் தடவிப் பார்ப்பது நல்லது. கையால் முடிச்சிட்ட துணியில் புள்ளிகள் ஒன்றுபோல் இரா, சுருக்கத்தின் தடமும் தெரியும்.

தெருப்பெயர்களில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மகால் வடம்போக்கித் தெரு போன்று "வடம்போக்கி" என முடியும் பெயர்கள் மாசி வீதிகளை ஒட்டிக் காணப்படுகின்றன. தேர் வீதியின் மூலையில் திரும்பும் முன், நீண்ட வடத்தை நேராக இழுத்துச் செல்ல இடம் வேண்டும் அல்லவா? அதற்காக விடப்பட்டவை இத்தெருக்கள். மாசி வீதியில் சித்திரையில் தேர் ஓடுவதற்கும் காரணம் திருமலை நாயக்கரே. மாசியில் நடந்த திருவிழாவைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு அவர் இணைத்தார் என்பர். விழா மாறியது, வீதியின் பெயர் மாறவில்லை.

கடைவீதியும் உணவும்

மதுரைக்கு நாளங்காடியும் அல்லங்காடியும் உண்டென்று மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் விரிவாகச் சொல்கிறார். பகல் கடையும் இரவுக் கடையும் இன்றும் உண்டு. பகலில் கீழமாசி வீதியின் மளிகை மண்டிகளைப் பார்க்கலாம். மிளகாய் நெடியும் மஞ்சள் மணமும் கலந்து வரும். ஈரோட்டுப் பக்கத்தாருக்கு அந்த மணம் ஊர் நினைவைத் தரும்.

பிற்பகல் வெயிலில் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிப்பது வழக்கம். சுண்டிய பால், ஊறவைத்த பாதாம் பிசின், நன்னாரிச் சாறு, ஐஸ்கிரீம். பெயரே இந்துஸ்தானி. "ஈரலைக் குளிர்விப்பது" என்று பொருள். ஆனால் மகால் பகுதிக்கே உரிய பண்டம் எது என்று கேட்டால் நான் முள்ளு முருங்கை வடையைத்தான் சொல்வேன். கல்யாண முருங்கை இலையை ஊறவைத்த அரிசியுடன் அரைத்துத் தட்டிப் பொரிப்பது. சௌராட்டிரர் அந்த இலையைப் பங்கரபான் என்பர். சளிக்கு நல்லது என்று பெரியவர்கள் வாங்கித் தருவார்கள். எங்கள் ஊரில் இந்த மரம் வேலியோரத்தில் நிற்கும், ஆட்டுக்கு ஒடித்துப் போடுவோம். வடை சுடலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. சியோலின் குவாங்ஜாங் சந்தையில் பச்சைப்பயற்றை அரைத்துச் சுடும் அடை பெயர்பெற்றது. அதுவும் இதுபோல் சாதாரண மக்களின் உணவே.

இருட்டியபின் பருத்திப்பால் வண்டிகளும் இட்லிக் கடைகளும் களைகட்டும். மகாலில் மாலை வேளையில் ஒலி-ஒளிக் காட்சியும் நடைபெறுவது வழக்கம்.

சித்திரைத் திருவிழா நாட்களில் நெரிசல் காரணமாக இந்த நடை இயலாது. அப்போது செல்வோர் தேரோட்டத்தன்று மாசி வீதி மூலை ஒன்றில், வடம்போக்கித் தெரு தெரியும்படி நின்று தேர் திரும்புவதைப் பார்க்கலாம். இதற்குக் காலையிலேயே போய் இடம்பிடிக்க வேண்டும்.