கொழுந்துத் தராசும் கிரிக்கெட் தராசும்

பதுளை, பசறை, ஹாலி எல, நமுனுகுலைப் பகுதித் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த எவருக்கும் தராசைப் பற்றி நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. காலை முதல் மலையேறிக் கொய்த கொழுந்து நிறுக்கப்படும். கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு எனக் கழிக்கப்படும். குறித்த நிறை வராவிட்டால் 'அரைப் பேர்' விழும். உழைத்தவளின் கணக்கு ஒன்று, செக்ரோலில் ஏறிய கணக்கு இன்னொன்று என்பதை நம் தாய்மார் நன்கறிவர். ஆட்டக்காரரின் திறமையை எண்ணால் நிறுக்கும் முறையைப் பற்றிப் பேச முற்படும்போது இதுவே நம் நினைவுக்கு வருகிறது.

இன்று நமது சங்கத்து இளைஞர்கள் கைபேசியில் கற்பனை அணிகளை அமைத்து, எவருக்கு எத்தனை புள்ளி தகும் என்று இரவு வெகுநேரம் வரை வாதிடுகின்றனர். பெரியோர் சிலர் இதை வீண்பொழுது என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஆனால் அப்புள்ளிகள் எவ்வாறு பிறந்தன என்பதை அறிந்து வாதிடுவது நன்று.

கிரிக்கெட் ஆட்டக்காரரைப் பூச்சியத்திலிருந்து ஆயிரம் வரையான அளவுகோலில் மதிப்பிடும் முறை 1987ஆம் ஆண்டில் தொடங்கியது. இங்கிலாந்தின் முன்னாள் தலைவர் டெட் டெக்ஸ்டர் அதற்கு மூலகாரணர். இன்று சர்வதேச கிரிக்கெட் சபை வெளியிடும் தரவரிசை அதிலிருந்து வளர்ந்ததே. வெறும் கூட்டல் கணக்கு அன்று அது. வலிய துடுப்பாட்டக்காரரை வீழ்த்தினால் அதிக மதிப்பு, எளியவரை வீழ்த்தினால் குறைந்த மதிப்பு; அண்மை ஆட்டத்துக்குக் கனம் அதிகம், பழைய ஆட்டத்துக்குக் குறைவு; புதிதாக வந்தவருக்கு முழு மதிப்புக் கிடையாது. தம் அணி ஆடும் டெஸ்ட் ஆட்டமொன்றில் இடம்பெறாதவருக்கு நூற்றுக்கு ஒரு பங்கு குறையும். இக்கடைசி விதியை வாசகர் மனத்தில் இருத்துவாராக.

இம்முறையில் முத்தையா முரளிதரன் எட்டிய உச்சம் 920. ஷேன் வோர்ன் எட்டியது 905. ஆனால் எண் சொல்வதும் பெரியோர் சொல்வதும் ஒன்றாக இருப்பதில்லை. 2000ஆம் ஆண்டில் விஸ்டன் ஆண்டிதழ் 100 பேரைக் கொண்டு நூற்றாண்டின் ஐந்து வீரரைத் தெரிந்தபோது வோர்ன் 27 வாக்குப் பெற்று நான்காம் இடத்தில் நின்றார். முரளி அவ்வைவரில் இல்லை. 2002இல் அதே விஸ்டன் கணக்குப் போட்டு டெஸ்ட் பந்துவீச்சாளரை வரிசைப்படுத்தியபோது முரளியே முதலிடம் பெற்றார்.

முரளியைக் குறைத்துப் பேசுவோர் கூறும் வாதம் இது: அவருடைய 800 விக்கெட்டுகளில் 176 பங்களாதேஷ், சிம்பாப்வே அணிகளுக்கு எதிரானவை, வோர்னின் 708இல் அத்தகையவை 17 மட்டுமே. நியாயமான கேள்விதான். கூடைக்குக் கழிப்பது போல அவற்றைக் கழித்தே பார்ப்போம். முரளிக்கு 108 ஆட்டங்களில் 624 எஞ்சும்; வோர்னுக்கு 142 ஆட்டங்களில் 691. ஆட்டமொன்றுக்கு முரளிக்கு ஏறக்குறைய 5.8, வோர்னுக்கு 4.9. கழித்த பின்னும் தராசு முரளி பக்கமே சாய்கிறது. எதிர்த் தரப்பார், வோர்னுடன் மெக்ராவும் பிறரும் விக்கெட்டுகளைப் பங்கிட்டனர், முரளிக்கு வாஸைத் தவிரப் பங்காளி அரிது என்பர், அதிலும் உண்மையுண்டு. முரளியின் விக்கெட்டுகளில் 493 சொந்த மண்ணில் வீழ்ந்தவை என்பதையும், அவுஸ்திரேலியாவில் ஐந்து ஆட்டங்களில் அவர் 12 விக்கெட்டுகளே எடுத்தார் என்பதையும் நம்மவர் மறைத்தல் தகாது. இந்தியாவிலோ இருவரும் திணறினர்: முரளியின் சராசரி 45, வோர்னுடையது 43.

1995 டிசம்பர் 26இல் மெல்போர்னில் நடுவர் டரல் ஹெயார் முரளியின் பந்தை ஏழு முறை 'நோபோல்' என்றார். அதன்பின் அவரது முழங்கை ஆய்வுகூடங்களில் அளக்கப்பட்டது. கருவி கொண்டு பார்த்தபோது ஏனைய பந்துவீச்சாளர் பலரின் கையும் சிறிது நீள்வது தெரிந்தது. 2005இல் எல்லார்க்கும் 15 பாகை என்ற ஒரே எல்லை வந்தது. ஒரு மனிதரை நிறுக்கப் போய்த் தராசையே திருத்தவேண்டி வந்தது.

முரளியின் பாட்டனார் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பேரனார் ஊவாக்காரர் அல்லர், கண்டியைச் சேர்ந்தவர். எனினும் நம்மவர் அவரைத் தம் வீட்டுப் பிள்ளையாகக் கருதுவதில் வியப்பில்லை.

இனி, எண்ணில் அடங்காத ஒருவரைக் காண்போம். மகாதேவா சதாசிவம், 1915இல் பிறந்து 1977இல் மறைந்தவர். கொழும்புத் தமிழ் யூனியன் கழகத்தின் துடுப்பாட்டக்காரர். பிற்காலத்தில் முரளி ஆடியதும் அதே கழகத்துக்கே. 1947இல் சென்னைச் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்தார். சோபர்ஸும் வொரலும் அவரை உலகின் தலைசிறந்த துடுப்பாட்டக்காரர் வரிசையில் வைத்துப் பேசினர் என்பது இலங்கைக் கிரிக்கெட்டில் வழிவழியாக வரும் செய்தி. ஏட்டைப் புரட்டினாலோ முதல்தர ஆட்டங்கள் 11, ஓட்டங்கள் 753, சராசரி 41.83. அவ்வளவே! இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தது 1981இல். ஆகவே டெஸ்ட் தராசில் அவருக்கு இடமே இல்லை. ஆடாத ஆட்டத்துக்கு நூற்றுக்கு ஒன்று கழிப்பவர், ஆட விடப்படாத வாழ்நாளுக்கு எவ்வளவு கழிப்பர்?

1948 மார்ச்சில் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பு ஓவலில் ஆடியபோது இலங்கைக்குத் தலைவர் சதாசிவமே. அன்று 22 யார் இருக்க வேண்டிய ஆடுகளம் 20 யார்தான் இருந்தது என்பது ஆட்டத்தின் நடுவே தெரியவந்தது. பிரட்மன் பெற்ற 20 ஓட்டங்களும் அந்தக் குறைந்த அளவில்தான். ஏட்டில் அதற்குக் கழிவு போடப்படவில்லை.

அதே 1948இல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. குடியுரிமை இன்றேல் கடவுச்சீட்டு இல்லை. கடவுச்சீட்டு இன்றேல் நாட்டின் பெயரால் கடல் கடந்து ஆட வழியில்லை. எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. சதாசிவத்துக்கு 11 ஆட்டங்களாவது ஏட்டில் உண்டு. ஊவா மலைகளில் லயத்து முற்றத்திலும் தோட்ட மைதானத்திலும் பந்தெறிந்த அக்காலத்து இளைஞருக்கு அதுவும் இல்லை. அவருள் எத்தனை முரளி இருந்தனர் என்று வீம்பு பேச நாம் விரும்பவில்லை. நிறுக்கப்படாத கொழுந்தின் நிறையை எவரால் கூற இயலும்?

எனினும் எழுதிய கொப்பிகள் சில எஞ்சியிருத்தல் கூடும். தோட்டத்துக்குத் தோட்டம் நடந்த போட்டிகளின் ஓட்டக் கணக்கு, அணிப் பட்டியல், தீபாவளிப் போட்டி அறிவித்தல் எதுவாயினும் வீட்டுப் பெட்டியில் வைத்திருக்கும் பெரியோர், அவற்றைச் சங்க வாசிகசாலையில் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தருவோம்.