வீட்டில் ஹோம் தியேட்டர்: இரைச்சலை நிறுத்த எர்த்தை வெட்டாதீர்

தீபாவளிக்கும் பள்ளி விடுமுறைக்கும் முன்பாகப் பெரிய திரைத் தொலைக்காட்சி, ஐந்து ஒலிபெருக்கி, ஒரு சப்வூபர் என்று வீட்டில் வந்து இறங்குவது தாமான்களிலும் தோட்டங்களிலும் இன்று சாதாரணமாகிவிட்டது. எந்தப் பெட்டியை வாங்குவது என்று வாரக்கணக்கில் யோசிப்பவர்கள், அவற்றை இணைக்கும் ஒயர்களுக்கு அரை மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை. முன்கூடத்தில் இருப்பதோ ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் ஓர் எக்ஸ்டென்ஷன், அதன் மேல் இன்னோர் எக்ஸ்டென்ஷன், அதிலேயே சாமி மேடையின் வண்ண விளக்கு. அலமாரிக்குப் பின்னால் மின் ஒயரும் ஒலி ஒயரும் ஒரே கொத்தாக டேப் சுற்றிக் கட்டப்பட்டிருக்கும்.

இதனால் வரும் தொல்லைகளில் ஒன்று காதுக்குக் கேட்கும். ஒலிபெருக்கியில் விடாமல் வரும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் அது. மற்றது கேட்காது. சூடேறும் பிளக்கும் அறுந்து கிடக்கும் எர்த்தும் சத்தம் போடுவதில்லை. கேட்கும் தொல்லையைத் தீர்க்கப்போய்க் கேட்காத ஆபத்தை வரவழைத்துக்கொள்வதுதான் பல வீடுகளில் நடக்கிறது.

எக்ஸ்டென்ஷன் எவ்வளவு தாங்கும்?

நம் நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மூன்று கால் பிளக்கின் உச்ச அளவு 13 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 2,990 வாட். ஒரு சுவர் சாக்கெட்டில் மாட்டிய எக்ஸ்டென்ஷனில் எத்தனை துளை இருந்தாலும் மொத்தமாக இதற்கு மேல் இழுக்கக்கூடாது.

ஹோம் தியேட்டர் மட்டும் என்றால் இந்த அளவு தாராளமாகப் போதும். 55 அங்குலத் தொலைக்காட்சி ஒன்றுக்கு 100 முதல் 200 வாட் வரை பிடிக்கும். ஆம்ப்ளிபையரும் சப்வூபரும் சத்தமாகப் பாடும்போதும் சேர்த்துச் சில நூறு வாட்தான். ஆக, படம் பார்ப்பதால் எக்ஸ்டென்ஷன் எரிவது அரிது. விருந்தாளி வந்த நேரத்தில் அதே எக்ஸ்டென்ஷனில் 2,000 வாட் தண்ணீர் கெட்டிலையோ இஸ்திரிப் பெட்டியையோ மாட்டும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சூடாக்கும் சாதனங்களுக்கும் குளிரூட்டிக்கும் இந்தப் பக்கம் இடமே கொடுக்கக்கூடாது.

வாங்கும்போது சிரிம், எரிசக்தி ஆணையம் இரண்டின் முத்திரையும் கொண்ட ஒட்டுவில்லை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 13 ஆம்பியர் எக்ஸ்டென்ஷனின் ஒயர் 1.25 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும்; இந்த அளவு ஒயரின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். நீளம் அதிகம் என்று சுருட்டிக் கட்டி வைப்பதும், பாய்க்கும் கம்பளத்துக்கும் அடியில் ஓட விடுவதும் தவறு. சூடு வெளியேற வழியில்லாமல் உறை இளகத் தொடங்கும். எக்ஸ்டென்ஷனில் எக்ஸ்டென்ஷன் மாட்டுவதும் கூடாது. ஒவ்வொரு இணைப்பும் தளர்வதற்கு இன்னோர் இடம்.

தளர்ந்த இணைப்பு என்பது சாதாரண விஷயமல்ல. செய்திகளில் ‘மின்கசிவால் தீ’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் கசிவு என்பது மின்சாரம் போகக்கூடாத வழியில், அதாவது உலோகப் பெட்டி, மனித உடல், மண் வழியே போவது. பிளக்கின் கால் சாக்கெட்டுக்குள் சரியாகப் பிடிக்காமல் பொறி பறந்து கருகுவது வேறு. முதலாவதை டி.பி. பெட்டியில் உள்ள இ.எல்.சி.பி. கண்டுபிடித்து மின்சாரத்தைத் துண்டிக்கும். இரண்டாவதை அது கண்டுகொள்ளாது. போன மின்சாரம் அத்தனையும் முறையாகத் திரும்பி வந்துவிடுவதால் அதற்குச் சந்தேகம் எழாது. ஆகவே கைதான் இங்கே காவல். படம் ஓடி ஒரு மணி நேரம் ஆனபின் பிளக்கைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கை பொறுக்காத சூடு, பழுப்பேறிய பிளாஸ்டிக், மீன் கருகியது போன்ற வாடை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் அந்தச் சாக்கெட்டை மாற்றியாக வேண்டும்.

பிரித்து ஓட்டுவது

மின்னோட்டம் பாயும் மின் ஒயரைச் சுற்றி 50 ஹெர்ட்ஸில் அதிரும் காந்தப் புலம் இருக்கும். அதன் பக்கத்திலேயே ஒட்டி ஓடும் ஒலி ஒயர் அந்த அதிர்வைச் சிறிதளவு பிடித்துக்கொள்ளும். ஆம்ப்ளிபையர் அதையும் சேர்த்துப் பெருக்கிக் கொடுக்கும். இதில் மிக எளிதாகப் பாதிக்கப்படுவது ஆம்ப்ளிபையரிலிருந்து சப்வூபருக்குப் போகும் ஆர்.சி.ஏ. ஒயர். ஒலிபெருக்கி ஒயருக்கு அவ்வளவு பயமில்லை. அதில் ஓடுவது ஏற்கெனவே பெருக்கப்பட்ட மின்னோட்டம்.

வழி எளியது. மின் ஒயர்கள் அலமாரியின் ஒரு பக்கம், ஒலி ஒயர்கள் மறுபக்கம். இணையாக ஓட வேண்டிய இடத்தில் ஓர் அடி இடைவெளி இருந்தால் போதும். குறுக்கே கடந்துதான் ஆக வேண்டும் என்றால் கூட்டல் குறி போல நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும். மீதமுள்ள மின் ஒயரையும் ஒலி ஒயரையும் சேர்த்துச் சுருட்டி ஒரே கட்டாகக் கட்டுவது, இரைச்சலை நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போன்றது.

எர்த் என்ன குற்றம் செய்தது?

ஒயர்களைப் பிரித்த பிறகும் இரைச்சல் நிற்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் எர்த் வளையம். சப்வூபர், கணினி, புரொஜெக்டர் போன்றவற்றில் சில எர்த் உள்ள மூன்று கால் பிளக்கோடு வருகின்றன. ஒன்று இந்தச் சுவரிலும் மற்றொன்று அந்தச் சுவரிலும் மாட்டப்பட்டு, இரண்டும் ஒலி ஒயரால் இணைக்கப்பட்டால் எர்த்துக்கு இரு வழிகள் கிடைக்கின்றன. அந்த வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டமே ‘ம்ம்ம்’ என்று கேட்கிறது. கூரையில் உள்ள ஆஸ்ட்ரோ தட்டிலிருந்து வரும் ஒயரும் இப்படி ஒரு வழியாகிவிடுவதுண்டு.

இந்த இடத்தில்தான் யாராவது ஒருவர், “அண்ணே, எர்த்த வெட்டி விட்டுட்டா சத்தம் நின்னுடும்” என்பார். உண்மைதான், நின்றுவிடும். பிளக்கைத் திறந்து பச்சை மஞ்சள் ஒயரைக் கழற்றிவிடுவார், அல்லது இரண்டு கால் அடாப்டரைச் செருகிவிடுவார். அன்றிரவு படம் அருமையாக ஓடும்.

பிறகு ஒருநாள் அந்தப் பெட்டிக்குள் மின்சாரம் உள்ள கம்பி உறை தேய்ந்து உலோக உடலைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எர்த் இருந்திருந்தால் மின்சாரம் அதன் வழியே மண்ணுக்குப் பாய்ந்து, அந்தக் கணமே இ.எல்.சி.பி. விழுந்திருக்கும். எர்த் இல்லாததால் எதுவும் விழாது. பெட்டி 230 வோல்ட்டோடு அமைதியாக உட்கார்ந்திருக்கும். அது மட்டுமன்று, ஒலி ஒயரின் வெளிப்பின்னல் வழியே அந்த மின்சாரம் இணைக்கப்பட்ட மற்ற பெட்டிகளின் உடலுக்கும், கையில் பிடிக்கும் கராவோகே மைக்கின் உலோகத்துக்கும்கூடப் பரவ முடியும். மண்ணுக்குப் போகும் முதல் வழி, ஈரக் காலோடு வந்து தொடும் ஆள்தான்.

எர்த்தைத் தொடாமலே இரைச்சலை நிறுத்தலாம். முதலில் எல்லாப் பெட்டிகளையும் ஒரே சாக்கெட்டிலிருந்து வரும் ஒரே எக்ஸ்டென்ஷனுக்கு மாற்ற வேண்டும். பல வீடுகளில் இதோடு பிரச்சினை தீர்ந்துவிடும். தீராவிட்டால் மின்சாரத்தை நிறுத்தி, ஒலி ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மறுபடி போட்டுக் கேட்க வேண்டும். எதைக் கழற்றியதும் இரைச்சல் நிற்கிறதோ அந்த வழிதான் வளையம். ஆஸ்ட்ரோ ஒயரைக் கழற்றியதும் நின்றால், செயற்கைக்கோள் அலைவரிசைக்கு ஏற்ற தனிப்படுத்தும் இணைப்பு ஒன்றை அந்த ஒயரில் சேர்க்கலாம். சப்வூபர் ஒயர் என்றால் ஒலிக்கான தனிப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் உதவும். இரண்டுமே ஒலி வழியைப் பிரிக்கின்றன. எர்த் அப்படியே இருக்கும்.

இரண்டு கால் ஒயரோடு தொழிற்சாலையிலிருந்தே வரும் சாதனங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பின்புறத்தில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டை உறை கொண்டது. எர்த் தேவையில்லாமலே வடிவமைக்கப்பட்டது.

பழைய வீடுகளில்

தோட்டத்துப் பழைய குடியிருப்புகளிலும் பல முறை கைமாறிய மலிவு விலை வீடுகளிலும் சிக்கல் இன்னும் ஆழமானது. சுவரில் மூன்று துளை சாக்கெட் இருக்கும். பின்னால் எர்த் ஒயர் வந்து சேர்ந்திருக்காது. தரை வீடுகள் பெரும்பாலானவற்றில் எர்த் என்பது வீட்டோரம் மண்ணில் அடித்த செம்புக் கம்பிதான். கார் நிறுத்தும் இடத்துக்கு டைல்ஸ் போடும்போது அதன் ஒயர் அறுபட்டிருந்தாலும் வீட்டில் விளக்கு எரியும், படம் ஓடும், யாருக்கும் தெரியாது. புதிய பெட்டிகள் வாங்கும் செலவோடு, எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்து எர்த்தை அளந்து பார்க்கும் செலவையும் சேர்த்துக்கொள்வது நல்லது. சாக்கெட்டுகளைக் காக்கும் இ.எல்.சி.பி. 30 மில்லி ஆம்பியர் அளவுடையதா என்பதையும் அவரிடம் கேட்கலாம். அதில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தினால் சுவிட்ச் விழ வேண்டும். விழவில்லை என்றால் அது வெறும் அலங்காரம்.

இடி மின்னல் காப்புள்ள எக்ஸ்டென்ஷன் வாங்கியிருப்பவர்களுக்கும் இது பொருந்தும். பாய்ந்து வரும் மின்னழுத்தத்தை அது பெரும்பாலும் எர்த் வழியாக இறக்குகிறது; எர்த் இல்லாத வீட்டில் அதன் பயன் குறைந்துவிடும். எர்த் இருந்தாலும் உள்ளிருக்கும் காப்புப் பாகம் ஒவ்வோர் அடியிலும் தேயும். காப்பு விளக்கு அணைந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். மழை இருட்டிக்கொண்டு வரும்போதே பிளக்கையும் ஆஸ்ட்ரோ ஒயரையும் கழற்றிவிடுவதே உறுதியான காப்பு. பிளக்கை மட்டும் கழற்றி, கூரையிலிருந்து வரும் ஒயரை விட்டுவிடுவது கதவைப் பூட்டிச் சன்னலைத் திறந்து வைப்பதற்குச் சமம். இடி தொடங்கிய பிறகு எந்த ஒயரையும் தொடக்கூடாது.

ஒலிபெருக்கி ஒயர்

8 ஓம் ஒலிபெருக்கிக்கு 10 மீட்டர் தூரம் வரை 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும். 4 ஓம் என்றால் 2.5. இதற்கு மேல் விலை கொடுத்து வாங்குவது விருப்பம், தேவையன்று. கடையில் மலிவாகக் கிடைப்பவற்றில் அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியவை உண்டு. முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அது கெட்டதல்ல, ஆனால் ஓர் அளவு தடிப்பாக வாங்க வேண்டும். ஆம்ப்ளிபையரை அணைத்துவிட்டுத்தான் இணைக்க வேண்டும். சிவப்பு முனையின் ஒரு மெல்லிய இழை கறுப்பைத் தொட்டாலும் ஆம்ப்ளிபையர் போய்விடக்கூடும். மிச்சமான ஒலிபெருக்கி ஒயரில் பிளக்கை மாட்டி விளக்குக்கோ மின்விசிறிக்கோ பயன்படுத்துவது மிகத் தவறு. அதன் உறை 230 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டதன்று.

சுவருக்குள் மறைப்பதென்றால்

தொலைக்காட்சியைச் சுவரில் மாட்டியதும் தொங்கும் ஒயர் கண்ணை உறுத்தும். சாதனத்தோடு வந்த மின் ஒயரை அப்படியே சுவரில் புதைத்துச் சிமெண்டு பூசக்கூடாது. அது மாற்றவும் முடியாது, ஆணியடிக்கும் கைக்குத் தெரியவும் செய்யாது. தொலைக்காட்சிக்குப் பின்னாலேயே புதிய சாக்கெட் ஒன்றை வயர்மேன் வைத்துத் தருவதே முறை. பலகை வீடுகளிலும் வாடகை வீடுகளிலும் சுவரின் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் டிரங்கிங் போதும். எலி கடியிலிருந்தும் அது ஓரளவு காக்கும். மின் ஒயருக்கு ஒரு குழாய், மற்றவற்றுக்கு வேறொரு குழாய்.

எச்.டி.எம்.ஐ. ஒயரில் 4கே படத்துக்குச் சாதாரண வகை ஏறத்தாழ 5 மீட்டர் வரை நம்பகமாக ஓடும். புரொஜெக்டர் கூரையில் தொங்கி, தூரம் 10 மீட்டரை எட்டினால் ஒளியிழை எச்.டி.எம்.ஐ. வாங்க வேண்டும். அதற்குத் திசை உண்டு; எந்த முனை பெட்டிக்கு, எந்த முனை திரைக்கு என்று எழுதியிருக்கும். குழாய்க்குள் இழுக்கும் முன் தரையில் விரித்து இணைத்துப் படம் வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். எச்.டி.எம்.ஐ. தலை நுழையும் அளவுக்குக் குழாய் அகலமாகவும், வளைவுகள் மெதுவாகவும் இருக்க வேண்டும். இழுத்து முடித்த பிறகு, அடுத்த ஒயருக்காக ஒரு நைலான் கயிற்றையும் குழாய்க்குள் விட்டு வைக்கச் சொல்லலாம்.